ஒருநாள் விட்டு ஒருநாள்

வெளுப்பாங்காலம் நாலு மணி.
நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
நானும் அப்பாவும் ஆளுக்கொரு வரிசை.
வெட்டுவதற்கு முன்
பழைய கோட்டில் உறைந்து கிடப்பதை
உரித்துக் கூடையில் போடவேண்டும்.
அதன் பெயர் ஒட்டுப்பால்.
நாறும். மறுப்பதற்கில்லை.

அது என் பெயரானது
ஜூலை மாதம், திருவட்டார் ஸ்டாப்பில்.
பிரிஜின் ஏறினான், மூக்கைப் பிடித்தான்.
“லேய், ஒட்டுப்பால் இருக்குடே, ஜன்னலத் தொறங்க.”
பஸ் சிரித்தது.
கண்டக்டரும் சிரித்தார், பாவம்,
எதற்கென்று தெரியாமல்.

பிறகு வாட்ஸப்பில் ஒரு குழு.
என் முகம், மூக்கின் இடத்தில் சிரட்டை.
நாற்பத்தொரு பேர்.
லிஜோ காட்டித்தான் பார்த்தேன்.
காட்டும்போது அவனும் கொஞ்சம் சிரித்தான்.

மூன்று சோப்பு மாற்றினேன்.
தேங்காய் நாரால் முழங்கை சிவக்கத் தேய்த்தேன்.
பவுடர் போட்டுப் போனால்
பவுடர் போட்ட ஒட்டுப்பால்.
வயிற்றுவலி என்று நாலு நாள் படுத்துக்கொண்டேன்.
நாலாவது நாள் உண்மையாகவே வலித்தது.

கணக்கு சாரிடம் சொன்னேன்.
“சவத்த விடுடே, வெளயாட்டுக்குச் சொல்லுவானுவ.
ரப்பர் மரத்தப் பாரு, எத்தன வெட்டு வாங்குது,
ஒரு வார்த்தை பேசுதா?”

சார்,
மரத்தை நாங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவோம்.
மழைக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டுவோம்.
இலை உதிரும் மாசியில் கத்தியைத் தொடுவதில்லை.
கை தவறி ஆழமாய்ப் பட்டுவிட்டால்
அப்பா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசமாட்டார்.
என்னைத் தினமும் வெட்டுகிறார்கள் சார்,
ஞாயிற்றுக்கிழமை போனில்.

இதை நான் சாரிடம் சொல்லவில்லை.
திரும்பி வரும்போதுதான் தோன்றியது.
நல்ல பதில்கள் எனக்கு எப்போதும்
அடுத்த ஸ்டாப்பில்தான் ஏறும்.

வீட்டில் ஷீட்டுக் கணக்கு நோட்டு ஒன்று உண்டு.
இடப்பக்கம் தேதி, எத்தனை ஷீட்டு, எத்தனை கிலோ.
வலப்பக்கம் சும்மா கிடந்தது.
அன்றிரவு அதில் எழுதினேன்:
ஆகஸ்ட் ஒன்பது. பிரிஜின். பின் சீட்டு.
சொன்னது இது. சிரித்தவர் ஆறு பேர்.
அழுகையோ அடைமொழியோ இல்லை,
தராசில் வைப்பதுபோல.
என்னவோ, அன்றைக்குத் தூங்கிவிட்டேன்.

பதினேழு நாள் எழுதினேன்.
பதினெட்டாம் நாள்
“ஜெபிஷே, நீங்கி இரி”
என்று ஒரு குரல்.
பஸ்ஸில் என் பெயரைக் கேட்டு
அவ்வளவு நாளாகியிருந்தது,
வேறு யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன்.
லிஜோ.
“எங்க வீட்ல கோழிப்பண்ணை.
நான் ஒருத்தன்ட்டயும் சொன்னதில்ல.
அன்னைக்குச் சிரிச்சது பயத்துல, கேட்டியா.”
கொஞ்சநேரம் வெளியே பார்த்தான்.
“எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்.”

இரண்டுபேராய்ப் போனோம்.
தலைமையாசிரியை பக்கம் பக்கமாகப் படித்தார்,
தவறி இடப்பக்கத்தையும்.
“பதினோரு கிலோவா?” என்றார் நடுவில்.
பிறகு ஒன்றும் சொல்லாமல்
மறுபடி முதலிலிருந்து படித்தார்.

பிரிஜினின் அம்மா வந்தார்.
குழு அழிந்தது.
இன்னொன்று இருக்கலாம், நான் தேடவில்லை.
பிரிஜின் இப்போது முன்வாசலில் ஏறுகிறான்.
போன வியாழன் பின்னால் யாரோ
மூக்கை உறிஞ்சினார்கள்.
சளியாகவும் இருக்கலாம்.
காது சுட்டது, ஆனால்
அருமனைப் பையன் ஒருவனின் கிரிக்கெட் கதையை
லிஜோ நிறுத்தவில்லை,
நானும் பாதியில் விடவில்லை.

இன்று வெட்டு இல்லாத நாள்.
ஆறு மணிவரை தூங்கினேன்.
சட்டையை முகர்ந்து பார்த்தேன், அதே வாசனை.
மாட்டிக்கொண்டேன்.

வலப்பக்கம் மூன்று வாரமாகக் காலி.
முட்டைக் கணக்கு எழுத
இடம் கேட்கிறான் லிஜோ.
இப்போதைக்குத் தரமுடியாது என்றேன்.
கொஞ்சநாள்
அது காலியாகவே இருந்து பார்க்கட்டும்.